மோட்டார் வீட்டில் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் சமையல்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மாதக்கணக்கில் பிரயாணம் செய்வோர் வாசம் செய்யும் ஆர்.வி. என்னும் மோட்டார் வீடுகள் பலவற்றில், தனியாக ஓர் ஓவன் இராமல், காஸ் அடுப்புக்கு மேலே பொருத்தப்பட்ட கன்வெக்ஷன் மைக்ரோவேவ் ஒன்றே கேக் சுடுவதற்கும், கோழி வாட்டுவதற்கும், ஆறிய சோற்றைச் சுட வைப்பதற்கும் ஆதாரமாக இருக்கிறது. அது நல்ல சாதனம்; ஆயினும் அதை உபயோகிக்கத் தொடங்குவோர் பாகசாஸ்திரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் மின்சாரத்தைப் பற்றி யோசிப்பது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே, முதற்காரியம் கணக்குப் பார்ப்பது. 30 ஆம்பியர் இணைப்புள்ள வண்டிக்கு 120 வோல்ட்டில் கிடைக்கும் சக்தி 3,600 வாட்தான். மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ 1,500 வாட்டை இழுக்கும். கூரை மேலிருக்கும் ஏ.சி. கிட்டத்தட்ட அவ்வளவே கேட்கும். வெந்நீர்க் கொதிகலனும் மின்சாரத்தில் ஓடுமானால் அதற்குச் சுமார் 1,400 வாட். மூன்றும் ஒருசேர ஓடினால் பிரேக்கர் விழுந்து, பண்டம் பாதி வேக்காட்டில் நின்றுவிடும். எனவே கொதிகலனையும் குளிர்ப்பெட்டியையும் புரொபேன் காஸுக்கு மாற்றிவிட்டு, சமையல் முடியும் வரையில் ஏ.சி.யை நிறுத்தி வைப்பதே உசிதம். 50 ஆம்பியர் இணைப்பு உள்ளவர்களுக்கு 12,000 வாட் வரை இடமிருப்பதால் இந்த விசாரம் பெரும்பாலும் இல்லை. பாட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டு சமைக்க விரும்புவோர், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 1,500 வாட் எடுப்பதென்றால் 125 ஆம்பியருக்கு மேல் ஓடும் என்பதை நினைவில் வைத்து, சில நிமிஷங்களில் முடியும் காரியங்களோடு திருப்தியடைய வேண்டும். கோடைப் பிற்பகலில், எல்லா வண்டிகளிலும் ஏ.சி. ஓடும் முகாம்களில் வோல்ட்டேஜ் இறங்குவது சகஜமாதலால், சுவர்ப் பிளக்கில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்து, அது 105-க்குக் கீழே காட்டினால் சமையலைச் சற்று ஒத்திப் போடுங்கள்.

இரண்டாவதாக, வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வண்டி சாய்ந்திருந்தால் கேக் மாவும் ஒரு பக்கம் ஒதுங்கி, ஓரம் கருகி, மறு ஓரம் பச்சையாகவே நிற்கும்.

அடுத்தது பாத்திரம். மைக்ரோவேவ் அலைகள் உணவிலுள்ள நீரைச் சூடாக்குகின்றன. நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் மேற்பரப்பு பொன்னிறமாகச் சிவப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே சூட்டுக் கம்பியும், உஷ்ணக் காற்றைச் சுழற்றும் விசிறியும் சேர்ந்த கன்வெக்ஷன் முறை ஏற்பட்டது. கன்வெக்ஷனில் மட்டும் சமைக்கையில் உலோகத் தட்டு தாராளமாக வைக்கலாம்; பிளாஸ்டிக் கூடவே கூடாது. மைக்ரோவேவில் மட்டும் சமைக்கையில் உலோகத் தட்டையும் கம்பித் தாங்கியையும் வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டும் கலந்த முறைக்கு உஷ்ணம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரமே நிர்ப்பயமானது; உலோகம் வைக்கலாமா என்பதைக் கூடவே வந்த கையேடு சொல்லாமல் துணியக் கூடாது. பாத்திரத்தின் கைப்பிடி சுவரில் இடித்தால் சுழல்தட்டு நின்றுவிடுமாதலால், வாங்கும்போதே அளவெடுத்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கேக் சுடுவதாக இருந்தால், கன்வெக்ஷனில் அடுப்பை வெறுமையாகவே முன்கூட்டிச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவில் மட்டும் வெறும் அடுப்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது. குறிப்பில் 350 டிகிரி பாரன்ஹீட் என்றிருந்தால் 325 வைத்து, தாழ்ந்த கம்பித் தாங்கியின்மேல் தட்டை வைத்து, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே குச்சி குத்திப் பாருங்கள்.

மலைப் பிரதேசத்தில் விஷயம் மாறுகிறது. கிராண்ட் கான்யனின் தென் விளிம்பு சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். காற்றின் அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் மாவு சட்டென்று பொங்கிப் பிறகு அமுங்கிப்போகுமாதலால், பேக்கிங் பவுடரில் கால் பங்கு குறைத்து, கொஞ்சம் பாலோ நீரோ கூட்ட வேண்டும். உயரத்துக்காகச் சூட்டை 15 முதல் 25 டிகிரி பாரன்ஹீட் வரை கூட்டுவது வழக்கமாகையால், விசிறிக்காகக் குறைக்கும் 25 டிகிரியோடு அது பெரும்பாலும் சரிக்கட்டிப் போய், குறிப்பிலுள்ள சூடே ஏறக்குறையப் பொருந்திவிடும். அங்குள்ள டிரெய்லர் வில்லேஜ் முகாமில் மின் இணைப்பு உண்டு. மாதர் முகாமில் கிடையாது. இணைப்பில்லாத இடத்தில் ஜெனரேட்டரை நம்புவோர், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் அதன் திறன் நூற்றுக்கு மூன்றரை வீதம் குறைவதால், தொடர்ந்து 1,600 வாட் கொடுக்கும் சிறிய ஜெனரேட்டர் அந்த உயரத்தில் இந்த அடுப்பை ஓட்டாது என்பதை முன்பே அறிந்துகொள்வது நலம். அத்தகைய இடத்தில் காஸ் அடுப்பே கதி.

கோழிக்குக் கலந்த முறையே உத்தமம்: உள்ளே சீக்கிரம் வேகும், தோலும் முறுகும். தொடையின் தடித்த பாகத்தில், எலும்பில் படாமல், வெப்பமானியைக் குத்தி, 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது 74 டிகிரி சென்டிகிரேட், காட்டும் வரையில் இறக்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து மட்டும் தீர்மானிப்பது அபாயம்.

சமையல் முடிந்த பின்னும் குளிர்விக்கும் விசிறி சற்று நேரம் ஓடும். அது தானாக நிற்கும் வரையில் மின் இணைப்பைக் கழற்றாதீர்கள். சூடான சுழல்தட்டின்மேல் தண்ணீர் பட்டால் அது விரிசல் விட்டுவிடும். நன்றாக ஆறிய பிறகே கழுவி, புறப்படுமுன் தடித்த துண்டில் சுற்றி, கம்பித் தாங்கியோடு அலமாரியில் பத்திரப்படுத்துங்கள்.