அழகு காண்பான் கண்ணதோ?

பெரியகுளத்து வராக நதிக்கரையில், ஊரார் பாலசுப்பிரமணியர் கோயிலென வழங்கும் இராசேந்திர சோழீச்சுரத்தில், யாம் திருவருட்பயன் பாடஞ் சொல்லிய ஒரு மாலையில் மாணவரொருவர் வினவினார்: "அழகென்பது காண்பவர் விருப்பமேயன்றிப் பொருளின் இயல்பன்று என்கின்றனர். அங்ஙனமாயின் அடியார்கள் இறைவனை அழகன் என்றது தம் விருப்பத்தைக் கூறியதன்றோ?" இவ்வினா எளிதன்று. ஆமெனின், சிவபோகமும் ஒருவர் நாப்பழக்கமாய் முடியும்.

விருப்பம் ஆளுக்காள் வேறுபடுதலை யாம் மறுக்கின்றிலம். இவ்வூர் மாந்தோப்புக்களில் ஒருங்கு வளர்ந்த உடன்பிறந்தார் இருவருள் ஒருவர்க்குக் கல்லாமையே கனி. மற்றவர்க்குச் செந்தூரமன்றிப் பிற வேண்டா. இதற்குச் சித்தாந்தம் காரணம் வகுத்துள்ளது. வித்தியாதத்துவம் ஏழனுள், கலை உயிரின் கிரியையையும் வித்தை அறிவையும் எழுப்ப, அராகம் இச்சையை எழுப்பும். நியதி அவரவர் வினைப்பயனை அவரவர்க்கே வரையறுக்கும். ஆகவே விழைவின் வேற்றுமை வினைவழியது. ஆயினும் அராகம் விழைவை எழுப்பும் கருவியேயன்றி விழையப்படும் பொருளைப் படைப்பதன்று. கனியின் இனிமையை அராகம் தந்ததென்றல், குடத்தை விளக்கு வனைந்தது என்றல் போலும்.

தமிழ் நூலாரும் இதனை முன்னரே ஆராய்ந்தனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர், சுவைக்கப்படு பொருள், நுகரும் பொறியுணர்வு, உள்ளத்து நிகழுங் குறிப்பு, மெய்ம்மயிர் சிலிர்த்தல் முதலாகப் புறத்தே தோன்றும் விறல் என நான்காகப் பகுத்தனர். வேம்பும் நாவும் கூடியவழியே கைப்புப் புலனாம். நா இல்வழிப் புலனாகாமைபற்றி வேம்பில் கைப்பில்லை என்பாரிலர். அவ்வியலின் இறுதியில் ஆசிரியர், கண்ணுஞ் செவியும் தெளிந்த உணர்வினர்க்கன்றி இது விளங்காதென்றார். எல்லார் உணர்வும் ஒரு நிகரன்று என்பது அவர் கருத்து.

இனி, உமாபதி சிவாசாரியர் கூறிய உவமை நோக்கத்தக்கது. பித்தமுற்ற நாவிற்குப் பாலுங் கைக்கும்; பித்தம் நீங்கியவழி அப்பாலே தித்திக்கும். பால் மாறவில்லை. இவர் சங்கற்ப நிராகரணம் இயற்றியது சகம் 1235, அஃதாவது கி.பி. 1313. அதற்கு நானூறாண்டு கடந்து, 1757இல், சுவையின் அளவுகோலை ஆராய்ந்த ஸ்காத்லாந்து அறிஞர் டேவிட் ஹியூமும், காய்ச்சலுற்றவன் நாவைச் சுவைக்கு நடுவாகக் கொள்ளலாகாதென்றார். ஒற்றுமை வியக்கத்தக்கதே, ஆயினும் அவர் பயின்றோர் பலரின் ஒருமித்த தீர்ப்பை அளவையாக்கினார். மலம் எல்லா உயிரையும் பற்றியதாகலின், பித்தர் ஆயிரவர் கூடி ஒருமித்தாலும் பால் கைப்பாகாது. நமக்கு அளவை மலபரிபாகமே.

"என் நாவிற் பித்தமுண்மையை யான் அறிவதெங்ஙனம்?" என மாணவர் மீண்டும் வினவினார். நல்ல வினா. தானே அறிதல் அரிது; கைப்பதைப் பாலின் குற்றமென்றே நாக் கூறும். யாம் காரைக்காலம்மையாரை எடுத்துக்காட்டினோம். தசைப்பொதி கழித்துப் பேய்வடிவு கொண்ட அவரைக் கண்டோர் அஞ்சி அகன்றனர். கயிலையில் இறைவனோ 'அம்மையே' என அழைத்தருளினான் எனச் சேக்கிழார் கூறுவர். அவர் பின்னர் நின்று பாடிய திருவாலங்காடு பேய்களுஞ் சுடலையும் நிறைந்த இடம். விருப்பம் மாறியவர் அவரென்பார்க்கு அவர் வரலாறே மறுப்பு: மழலைப் பருவத்தே தொடங்கிய அன்பு ஒன்றே இறுதிவரை நின்றது; கழிந்தது வனப்பென உலகங் கொண்ட தசை.

மாணவர் சிறிது நேரம் வாளாவிருந்து, அடுத்த பாட்டைப் படிக்கத் தொடங்கினார்.