தொயோசு மீன் சந்தைக்குச் செல்லவிருக்கும் பேத்திக்கு

அன்புள்ள பேத்திக்கு,



மொத்த மீன் சந்தை என்பது காட்சிக்காக ஏற்பட்ட இடமன்று. கரைசேர்ந்த மீன் தரம் குன்றுவதற்கு முன்பே கடைக்காரரிடமும் சமையற்கூடங்களிலும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காக, ஊர் உறங்கும் வேளையில் பல்லாயிரம் கைகள் விரைந்து உழைக்கும் பணிக்களம் அது. டோக்கியோவின் தொயோசு சந்தையைக் காணச் செல்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அங்கே அவருடைய வருகையால் நடக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை என்பதே. தடுக்கப்படாமல் பொறுத்துக்கொள்ளப்படும் ஒருவர், உழைப்பவருடைய இடத்திலும் நேரத்திலும் கவனத்திலும் எவ்வளவைத் தமதாக்கிக்கொள்ளலாம் என்னும் கேள்வியே சந்தையைக் காண்பதன் ஒழுக்கம் முழுவதற்கும் அடிப்படையாகும்.

எடோ என்று அந்நகரம் அழைக்கப்பட்ட காலம் தொட்டு மீன் வணிகம் நிஹோன்பாஷிப் பாலத்தை ஒட்டிய ஆற்றங்கரையில் நடந்து வந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அவ்விடம் அழிந்தபின் வணிகர்கள் சுகிஜிப் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர்; 1935இல் அங்கே நகராட்சியின் மத்திய மொத்த விற்பனைச் சந்தை முறைப்படி திறக்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய அச்சந்தை 2018 அக்டோபர் 6 அன்று மூடப்பட்டு, அதே மாதம் 11ஆம் நாள் தொயோசுவில் புதிய கட்டடங்களில் தொடங்கியது. இவ்விடமாற்றம் 2016 நவம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. புதிய இடம் முன்பு எரிவாயு ஆலை இருந்த நிலமாதலால், மண்ணில் படிந்திருந்த பென்சீன் முதலிய நச்சுப் பொருள்கள் குறித்த ஐயத்தால் ஆளுநர் யூரிகோ கொய்க்கே அதனை ஒத்திவைத்தார். சுகிஜியில் மொத்த வணிகம் நடந்த பகுதி ‘உட்சந்தை’ என்றும், அதன் மதிலுக்கு வெளியே சில்லறைக் கடைகளும் உணவகங்களும் நெருங்கியிருந்த தெருக்கள் ‘வெளிச்சந்தை’ என்றும் வழங்கின. இடம் மாறியது உட்சந்தை மட்டுமே. இந்த வேறுபாட்டை அறியாமல், ஏலம் காணும் ஆவலுடன் விடியற்காலையில் சுகிஜித் தெருவில் போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு.

சந்தை இயங்கும் முறையைச் சற்றேனும் அறிந்து செல்பவருக்கு, எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. பிடிப்பவரிடமிருந்தும் இறக்குமதியாளரிடமிருந்தும் மீனைப் பெற்று ஏலத்துக்குக் கொணரும் பெரிய நிறுவனங்கள் மொத்த விற்பனையாளர்கள். அவர்களிடம் ஏலத்தில் எடுத்து, தம் கடையில் அறுத்துப் பிரித்துச் சிறு வணிகருக்கும் உணவகத்தாருக்கும் விற்பவர்கள் ‘நகஓரோஷி’ எனப்படும் இடைநிலை வணிகர்கள். ஏலத்துக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர் ‘செரி’. சூரை ஏலம் காலை 5.30 மணியளவில் கைமணி ஒலிக்கத் தொடங்கும்; ஆனால் உண்மையான வேலை அதற்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. தரையில் வரிசையாகக் கிடத்தப்பட்ட மீன்களின் வால் அறுக்கப்பட்டிருக்க, வாங்க வந்தவர்கள் கைவிளக்கொளியில் அந்த வெட்டுமுகத்தின் நிறத்தை நோக்கி, சிறு துணுக்கு ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துக் கொழுப்பின் அளவைக் கணிக்கிறார்கள். ஒரு மீனைத் தவறாக மதிப்பிட்டவருக்கு அன்றைய ஊதியம் முழுவதும் போய்விடக்கூடும் என்பதால், அந்தச் சில நிமிடங்கள் அவர்களுக்குத் தேர்வுக்கூடத்துக்கு ஒப்பானவை. ஏலம் தொடங்கியபின் ஒவ்வொரு மீனும் சில நொடிகளில் விலைபோகிறது. ஏலம் கூறுபவர் பாட்டுப்போல இழுத்துக் கூவ, உரிம எண் பொறித்த தகடு தைத்த தொப்பியணிந்தவர்கள் ‘தெயரி’ என்னும் விரற்குறிகளால் கிலோவுக்கு இன்ன விலை என்று காட்டுகிறார்கள்.

காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ மீன் ஏலம் கேட்ட காதுக்கு அந்த விரைவு புதிதன்று. அங்கேயும் ஏலக்காரர் முன் வேடிக்கை பார்ப்பவர் குறுக்கே வந்தால் என்ன வசை கிடைக்கும் என்பது தெரிந்ததே. டோக்கியோவில் வசை கிடைக்காது. கிடைக்காததால்தான் பயணிகள் தாம் இடையூறு செய்ததையே அறியாமல் திரும்பிவிடுகிறார்கள்.

சுகிஜியின் கடைசிப் பத்தாண்டு இதற்குப் போதிய சான்று. பயணிகள் கூட்டம் பெருகியபோது சிலர் ஏலத்தின் நடுவே ஒளிவீச்சுடன் படம் எடுத்ததும், உறைந்த சூரையைத் தொட்டதும், ஒருவர் அதை நக்கியதும்கூடச் செய்திகளில் இடம்பெற்றன. ஏலம் கூறுபவர் நொடிக்கு நொடி பலருடைய விரல்களைப் படிக்க வேண்டியிருக்க, அவர் கண்ணில் பாயும் ஒளி எத்தகைய இழப்பை உண்டாக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பச்சையாக உண்ணப்படும் மீனின் மேல் அயலார் கை படுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதும் அவ்வாறே. 2008 டிசம்பரில், ஆண்டிறுதி நெருக்கடி கருதி, ஏலத்தைப் பார்வையிடுவது சில வாரங்களுக்கு முழுவதும் நிறுத்தப்பட்டது. 2010இலும் இவ்வாறான தடை வந்தது. பின்னர் நாள் ஒன்றுக்கு 120 பேர் என்னும் வரம்பும், வண்ண மேற்சட்டை அணிந்து குழுவாகச் செல்லும் முறையும் ஏற்பட்டன. உயர்ந்த குதிகாலணி, திறந்த செருப்பு, பெரிய பை, கைக்குழந்தை, வளர்ப்பு விலங்கு ஆகியவை விலக்கப்பட்டன. நெருங்கிய நடைவழியில் நீரும் பனிக்கட்டியும் சிதறிக் கிடக்க, ‘தாரே’ என்னும் மின்வண்டிகள் இடைவிடாது ஓடும் இடத்தில் இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முன்புறத்தில் பீப்பாய் போன்ற உருளையும் அதன்மேல் வட்டத் திருப்பியும் கொண்ட அவ்வண்டியை ஓட்டுபவர் நின்றபடியே ஓட்டுகிறார். மீன் சுமந்து வரும் வண்டிக்கு வழிவிடுவது நடப்பவருடைய கடமையே தவிர, நடப்பவருக்காக வண்டி நிற்பதில்லை.

தொயோசுவில் இந்நிலை பெரிதும் மாறியது. மீன் கையாளப்படும் கூடங்கள் மூடப்பட்டுக் குளிரூட்டப்பட்டுள்ளன. பார்வையாளர்கள் தனி நடைவழியில் சென்று, மேல்தளத்திலிருந்து கண்ணாடி வழியே கீழே நடப்பதைக் காண்கிறார்கள். ஏலக்கூடத்துக்கு அருகிலேயே, குரலும் மணியும் காதில் விழும்படி ஒரு பார்வை மேடை உண்டு. அதற்கு முந்தைய மாதத்திலேயே இணைய வழி விண்ணப்பித்துக் குலுக்கலில் இடம் பெற வேண்டும். சுகிஜியின் ஈரமும் வாடையும் இரைச்சலும் போய்விட்டன, மருத்துவமனையைப் பார்ப்பது போல் இருக்கிறது என்று குறைகூறுவோர் பலர். அக்குறை நியாயமற்றது. கண்ணாடி எழுந்தது முதன்மையாக மீனின் குளிர்ச்சியையும் தூய்மையையும் காப்பதற்காக; அதனால் உழைப்பவருக்கு வேடிக்கை பார்ப்பவரிடமிருந்து விடுதலையும் கிடைத்தது என்றால், அதில் வருந்துவதற்கு எதுவும் இல்லை. சுகிஜியைப் பற்றி 2004இல் விரிவான நூல் எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் தியோடோர் பெஸ்டரால், பல ஆண்டுகள் அங்குள்ளோரிடம் பழகிக் கேட்டறிந்தே அச்சந்தையின் உறவுகளையும் நம்பிக்கைகளையும் விளக்க முடிந்தது. அரை மணி நேரம் வந்து செல்பவர், மீனருகே நின்றால் மட்டும் சந்தையைப் புரிந்துகொண்டுவிடுவார் என்று எண்ணுவது மிகை.

கண்ணாடிக்குப் பின்னும் சில கடமைகள் எஞ்சியுள்ளன. நடைவழியில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்பதும், கண்ணாடியைத் தட்டிக் கீழே இருப்பவரை நிமிர்ந்து பார்க்கச் செய்வதும், ஒளிவீச்சை அணைக்க மறப்பதும் அங்கேயும் இடையூறுகளே.

சுகிஜியின் வெளிச்சந்தையில் கண்ணாடி இல்லை; ஆதலால் அங்கே கட்டுப்பாடு முழுவதும் செல்பவருடைய பொறுப்பாகிறது. காலை 9 மணிக்கு முன் அது உணவகத்தாரும் கடைக்காரரும் சரக்கு வாங்கும் நேரம். பயணிகள் அதன்பின் வருவதையே அங்குள்ளோர் விரும்புகிறார்கள். உருளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் குறுகிய சந்துகளில் நுழைவது பெரும் பிழை. வாங்கிய தின்பண்டத்தை நடந்துகொண்டே உண்ணாமல், வாங்கிய கடையின் முன்பே நின்று உண்டு, குச்சியையும் தட்டையும் அக்கடையிலேயே திருப்பித் தருவது அங்குள்ள முறை. தெருவில் குப்பைத் தொட்டியைத் தேடி அலைவதில் பயனில்லை. குறித்த விலையில் பேரம் பேசுவதும் அங்கே வழக்கமன்று. வெட்டிக்கொண்டிருப்பவரைப் படம் எடுக்க விரும்பினால் ‘சுமிமாசென்’ என்று மன்னிப்புக் கேட்கும் சொல்லால் அழைத்து, கருவியைக் காட்டி, தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டும். தலை அசையாவிட்டால் அதுவே விடை. மீன் வாடை ஒவ்வாத வீட்டில் வளர்ந்தவர்கள் கடைமுன் மூக்கைப் பொத்துவதும் முகம் சுளிப்பதும், மொழி தெரியாத இடத்திலும் நன்றாகவே புரிந்துவிடும். பொறுக்க முடியாதவர் போகாமலிருப்பதே மேல்.

அத்தெருக்களில் சூரையினத்தைச் சேர்ந்த மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல் இறுக உலர்த்திய ‘கட்சுவோபுஷி’ விற்கும் கடைகள் உண்டு. தமிழர் அறிந்த மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய உறவான அதனை ஒரு பொட்டலம் வாங்குவது, படம் மட்டும் எடுத்துத் திரும்புவதைவிடக் கடைக்காரருக்கு உகந்த நன்றியாகும். அருகிலுள்ள நமியோகே என்னும் ஷிந்தோ ஆலயத்தில் மீனுக்கும் இறாலுக்கும் முட்டைக்கும் நினைவுக்கற்கள் எழுப்பப்பட்டுள்ளன. தம் வாழ்வுக்காக உயிரிழந்தவற்றுக்குச் சந்தைக்காரர்கள் செலுத்தும் நன்றியின் அடையாளங்கள் அவை. அங்கே பயணிகள் கூட்டம் குறைவு. சந்தைக்காரரின் மனத்தை அறிய ஏலக்கூடத்தைவிட அந்தக் கற்களே உதவும் என்று தோன்றுகிறது.

உணவகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலவற்றில் பத்துப் பதினைந்து இருக்கைகளே இருப்பதால், முழுக் குழுவும் வந்தபின் வரிசையில் நிற்பதும், உண்டு முடித்ததும் எழுந்துவிடுவதும் போதும்.

புத்தாண்டின் முதல் ஏலத்தைப் பற்றிய செய்திகளால் மயங்கி அந்நாளை நாடிச் செல்வோர்க்கு ஒரு சொல். 2019 ஜனவரி 5 அன்று, தொயோசுவின் முதல் புத்தாண்டு ஏலத்தில், அவோமோரி மாநிலத்தின் ஓமாவில் பிடிபட்ட 278 கிலோ நீலத்துடுப்புச் சூரை ஒன்றை 33 கோடியே 36 லட்சம் யென் கொடுத்து ஒரு சூஷி உணவகத் தொடரின் தலைவரான கியோஷி கிமுரா வாங்கினார். அது மீனின் விலை அன்று, விளம்பரத்தின் விலை. மற்ற நாட்களில் அங்கே நடப்பது அமைதியான, கணக்கான வணிகம். டிசம்பரின் பிற்பகுதியோ ஆண்டிலேயே வேலை மிகுந்த காலமாதலால், பயணி அறவே தவிர்க்க வேண்டிய நாட்கள் அவை.

தோழியருடன் செல்லவிருக்கும் நீ, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே சந்தையின் நாட்காட்டியைப் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் பல புதன்கிழமைகளிலும் தொயோசு சந்தைக்கு விடுமுறை.

அன்புடன்,
தாத்தா