பத்தியமும் பரிசோதனையும்

தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவாய் வழங்கும் சொற்களுள் 'பத்தியம்' என்பது ஒன்று. சித்தூர்க் கடைத்தெருவில் எந்த மொழியில் சொன்னாலும் அதன் பொருள் விளங்கிவிடும். நோயுற்றவர் இன்னது உண்ணலாம், இன்னது உண்ணலாகாது என்று வகுத்துக்கொள்ளும் வழக்கம் இரு மக்களிடத்தும் நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கத்தை இன்றைய அறிவியல் எங்கே ஏற்கிறது, எங்கே மறுக்கிறது என்பதைத் தோல்நோய் ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

கரப்பான் என்பது யாது?

நம் வீடுகளில் கரப்பான் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதியை மருத்துவர் எக்சிமா என்பர். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும், குழந்தைகளுக்குக் கன்னத்திலும், தோல் சிவந்து வறண்டு ஓயாமல் அரிக்கும். சொறியச் சொறியப் புண்ணாகி நீர் வடியும். இது தொற்றுநோய் அன்று. தோலின் மேலடுக்கு மதிற்சுவர் போன்றது. அச்சுவரை உறுதியாக்கும் புரதங்களுள் ஒன்று பிலாகிரின். அதை ஆக்கும் ஜீனில் குறையுள்ளவர்களுக்கு இந்நோய் எளிதில் வருகிறது என்று 2006-இல் கண்டறிந்தனர். சுவரில் விரிசல் விட்டால் ஈரம் வெளியேறும். வேண்டாதன உள்ளே புகும். ஆகவே உணவு மட்டுமே இந்நோயின் காரணம் அன்று. சிலருக்கு மட்டும், அதிலும் பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கு, அது நோயைத் தூண்டிவிடுகிறது.

எந்த உணவு தூண்டும்? சித்த மருத்துவ மரபு சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய் முதலியவற்றைக் கரப்பான் பண்டங்கள் என்று விலக்கும். பாட்டிமார் கத்தரிக்காயையும் கருவாட்டையும் சேர்ப்பர். மேல்நாட்டு ஆய்வாளர் முட்டை, பசும்பால், வேர்க்கடலை, கோதுமை, சோயா, மீன் என்பர். பட்டியல் எதுவாயினும் அது பலருக்கும் பொதுவானது, நோயாளியோ ஒருவர். அவருக்கு ஆகாதது எது என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

விலக்கி அறியும் முறை

வியன்னா நகரத்துப் பிர்க்கே என்னும் மருத்துவர் 1906-இல் 'அலர்ஜி' என்ற சொல்லைப் படைத்தார். நாம் அதை ஒவ்வாமை என்கிறோம். 1921-இல் பிராவுஸ்னிட்ஸ் என்பவர், மீன் ஒத்துக்கொள்ளாத தம் உடன் ஆய்வாளர் கியூஸ்ட்னரின் இரத்த நீரைத் தம் தோலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்தது. ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்பது அதனால் விளங்கிற்று. அப்பொருள் இம்யுனோகுளோபுலின்-ஈ என்பது 1960-களின் பிற்பகுதியில் தெரியவந்தது. இதற்கிடையே அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ரோவ், ஐயத்திற்குரிய உணவுகளை நீக்கிவிட்டுப் பின்பு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் விலக்குணவு முறையை வகுத்தார்.

இம்முறையில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது அதன் பின்பாதி. கரப்பான் தானே ஏறித் தானே இறங்கும் நோய். மிகுந்திருக்கும் வேளையில் கத்தரிக்காயை நிறுத்தினால் சில நாளில் தானாகவே தணியும். குற்றமோ கத்தரிக்காயின் தலையில் ஏறும். நீக்கிய உணவை மறுபடி கொடுத்து, நோய் மறுபடி எழுகிறதா என்று பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். நீக்குவது கேள்வி, திரும்பச் சேர்ப்பதே விடை. நம் பத்தியம் பெரும்பாலும் கேள்வியோடு நின்றுவிடுகிறது.

1978-இல் லண்டனில் ஆதர்ட்டன் என்பவரும் அவர் குழுவினரும் முட்டையும் பாலும் நீக்கிய உணவை எக்சிமா உள்ள குழந்தைகளிடம் சோதித்தனர். எந்த வாரத்தில் எது தரப்படுகிறது என்பது பெற்றோருக்கும் தெரியாது, பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. முழுமையாகப் பங்கேற்ற 20 குழந்தைகளில் 14 பேருக்கு விலக்குணவில் நோய் தணிந்திருந்தது. ஆனால் 2008-இல் ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், எல்லாருக்கும் பொதுவாக உணவை விலக்குவதால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்றனர். முட்டை ஒவ்வாமை சோதனையில் தெரிந்த குழந்தைகளுக்கு முட்டையை விலக்குவது பயன் தரலாம் என்பதே அவர்கள் முடிவு.

ஒரு வீட்டில் கண்டது

வேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் அக்காள் மகனுக்கு ஆறாம் மாதத்திலேயே கன்னத்தில் கரப்பான் கண்டது. ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒவ்வோர் உணவாக முட்டை, பால், பருப்பு, வேர்க்கடலை எல்லாம் நின்றன. ஒன்றரை வயதில் அவனுக்கு மிஞ்சியவை அரிசிக் கஞ்சியும் மிளகு ரசமுமே. மூன்று மாதமாக எடை ஏறவில்லை, அரிப்பும் குறையவில்லை. நான் திருப்பதியில் படிப்பதால் அக்காள் அவனை இங்கே அழைத்துவந்தாள்.

குழந்தை மருத்துவர் முதலில் உணவைத் தொடவில்லை. குளித்தவுடன் ஈரம் காயுமுன் களிம்பு தடவுவதை ஒழுங்குபடுத்தினார். பிறகு தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தார். முட்டைக்கு மட்டும் தோல் தடித்தது. பால், பருப்பு, அரைத்த வேர்க்கடலை ஆகியவற்றைத் தம் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒன்றுக்கும் நோய் மிகவில்லை. நான்கு வாரம் முட்டையை மட்டும் நீக்கிவைத்தபின், மருத்துவமனையிலேயே அவித்த முட்டையில் துளியளவு கொடுத்தார். ஒரு மணி நேரத்திற்குள் வாயைச் சுற்றித் தடிப்பு எழுந்தது. மறுநாள் முழங்கை மடிப்பு சிவந்தது.

அன்றன்றைய உணவு, அரிப்பு, உறக்கம் மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அக்காள் குறித்துவந்தாள். வாரந்தோறும் அதைக் கட்டமிட்டுப் பார்ப்பது என் வேலை. "தம்பி, நான் நாலு பிள்ளை வளர்த்தவள். முட்டை ஒன்றை விட்டால் போதுமா?" என்று அக்காளின் மாமியார் கேட்டார். பக்கங்களை வாசித்துக் காட்டினேன். பால் சேர்த்த வாரத்தில் குழந்தை இரவு முழுதும் உறங்கியிருந்ததைக் கேட்டபின், மறுநாள் அவரே பால் காய்ச்சிக் கொடுத்தார். இப்போது எடை ஏறுகிறது. கரப்பான் அடியோடு போய்விடவில்லை. தை, மாசி வறட்சியில் தலைகாட்டும். ஆண்டுக்கு ஒருமுறை முட்டையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அவ்வொவ்வாமை வளர வளர நீங்கிவிடுமாம்.

விலக்குவதன் தீங்கு

தேவையின்றி விலக்குவதால் உடல் மெலிவதோடு வேறொரு தீங்கும் உண்டு. லண்டனில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கினர். வேர்க்கடலைக்கு ஏற்கெனவே கடுமையான தடிப்புக் காட்டியவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு பிரிவினர் வேர்க்கடலையை ஐந்து வயது வரை அறவே விலக்கினர். மற்றவர் அடிக்கடி உண்டனர். முடிவில் விலக்கியவரில் நூற்றுக்கு 17 பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை வந்திருந்தது. உண்டவரில் 3 பேருக்கே வந்தது. குடலின் வழியே முறையாக வரும் உணவை உடல் நட்பாகக் கொள்கிறது என்றும், வெடித்த தோலின் வழியே புகுவதைப் பகையாகக் கொள்கிறது என்றும் அறிஞர் கருதுகின்றனர். மல்லாட்டை விளையும் இச்சித்தூர்ச் சீமையில், கடலை எண்ணெயைக் குழந்தையின் புண்பட்ட தோலில் தேய்த்துவிட்டு, கடலையை மட்டும் வாய்க்குக் காட்டாமல் வைப்பது தலைகீழான பத்தியம் அன்றோ?

இறுதியாகச் சில. ஐயமுள்ள ஒன்றிரண்டு உணவுகளையே நீக்குக; நான்கு வாரத்திற்கு மேல் சோதனையை நீட்டற்க. அந்நாட்களில் களிம்பை மாற்றற்க. திரும்பச் சேர்ப்பதை ஒருபோதும் வீட்டில் தனியே செய்யற்க. நெடுநாள் விலக்கிய உணவு திடீரென்று மூச்சுத்திணறலையே உண்டாக்கக்கூடும். மருத்துவர் அருகிருத்தல் வேண்டும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் முற்பகுதியில் உணவின் அளவையும், பிற்பகுதியில் நோயின் காரணத்தை ஆய்வதையும் சொல்லுகிறார். முன்னதை நாம் போற்றி வருகிறோம், பின்னதையும் போற்றுவோமாக. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, உங்கள் வீட்டில் பத்தியத்தில் வாடும் குழந்தை இருந்தால், எந்த உணவு என்றைக்கு எதற்காக நிறுத்தப்பட்டது என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளோடு குழந்தையை மருத்துவரிடம் அனுப்புங்கள்.