குகை இருளில் ஓர் உயிர்ச்செல்வம்

மேகாலயாவின் காரோ குன்றுகளில், சிம்சாங் ஆற்றின் அருகே சிஜு என்னும் சுண்ணாம்புக்கல் குகை அமைந்துள்ளது. கல்கத்தாவில் 1916-ல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப், சோப்ரா ஆகியோர் 1922-ல் இக்குகையை ஆராய்ந்து, சுமார் நூறு வகை உயிரினங்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை முதுகெலும்பற்றவை. அறிவியலுக்குப் புதிதான இறால் இனம் ஒன்றுக்கு, 'குகையில் வாழ்வது' எனப் பொருள்படும் பெயரைக் கெம்ப் 1924-ல் சூட்டினார்.

ஒளி புகாத இடத்தில் பசுந்தாவரம் வளராது. ஆதலால் குகைக்கு வேண்டிய உணவு பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. இரவில் பூச்சிகளைத் தின்னும் வௌவால்கள் பகலில் குகையில் எச்சமிடுகின்றன. வெள்ளம் இலைதழைகளைக் கொணர்கிறது. இவற்றில் பூஞ்சை வளர்கிறது. பூஞ்சையைச் சிற்றுயிர்கள் உண்கின்றன. அவற்றைச் சிலந்திகள் வேட்டையாடுகின்றன. எனவே வெளியே காடு அழிந்தால் உள்ளேயும் வாழ்வு குன்றும்.

சுண்ணாம்புக்கல் சிமெண்ட் தொழிலின் மூலப்பொருள்; அதன் தேவையை மறுக்க இயலாது. வெட்டியெடுக்கும் கல்லுக்கு டன் கணக்கும் விலையும் உண்டு. குகை உயிர்களுக்கு இல்லை. ஒரே குகையில் மட்டும் வாழும் இனம் அழிந்துவிட்டால், எத்தொகை கொடுத்தும் அதை மீட்க முடியாது. ஆகவே, சுரங்க அனுமதிக்கு முன்பே குகை உயிரினக் கணக்கெடுப்பை முடிப்பது திட்டமிடலின் கடமையாகும்.