ஊசி போடுமுன் ஒரு கேள்வி

நோய் தீரச் செல்லும் இடத்திலேயே புதிய நோயொன்றைப் பெற்றுத் திரும்புதல் கூடுமோ? கூடும் என்கிறது அறிவியல். கூடாதபடி காத்துக்கொள்ளும் வழியையும் அதுவே சொல்கிறது. அவ்வழியைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேங்கட மலையடியில் பயிலும் தமிழ் நண்பர்களே! விடுமுறை வந்தால் நம்மிற் பலர் சென்னைச் சாலையில் பேருந்தேறுகிறோம். ரேணிகுண்டாவைக் கடந்தால் வடமாலபேட்டை. அப்பால் புத்தூர், நகரி, பின்னர்த் திருத்தணி. சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்திற்கு மாறிய அந்த வடமாலபேட்டையில்தான் என் பெற்றோர் வாழ்கின்றனர். ஆரணியில் கைத்தறி நின்றுபோகவே, புத்தூர் விசைத்தறியை நம்பி வந்த குடும்பம் எங்களுடையது.

ஈராண்டுகளுக்கு முன் என் தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. வழியிலுள்ள ஓர் ஊரில் டாக்டர் ஒருவரிடம் ஊசி போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டியது. வேறோர் இடத்தில் கீறி எடுக்க நேர்ந்தது. அந்த ஊசியே காரணம் என மெய்ப்பிக்க என்னிடம் சான்றில்லை. ஆதலின் ஊரையும் பெயரையும் கூறேன். ஆனால் அங்கே இரண்டு காட்சிகளைக் கண்டேன். மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியொன்று செருகியபடியே இருந்தது. திறந்த கிண்ணத்தில் ஸ்பிரிட்டில் ஊறிய பஞ்சு இருந்தது. வேண்டும்போதெல்லாம் கையை விட்டு அதை எடுத்தனர். அன்று அவை எனக்குப் பிழையாகத் தோன்றவில்லை. நுண்ணுயிரியல் பயிலத் தொடங்கிய பின்னரே தோன்றின. மூடியில் நிற்கும் ஊசி, கிருமி உள்ளே செல்ல வழி திறந்து வைக்கிறது. பலர் கைபட்ட பஞ்சிலோ, ஸ்பிரிட் ஆவியாகிக் குறையக் குறைய அழுக்கே மிஞ்சுகிறது.

முதலில் கையை எடுத்துக்கொள்வோம். வியன்னா நகர மகப்பேற்று மருத்துவமனையில் 1847-இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணம் அறுத்த கையோடு பேறு பார்க்க வருவோரைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் தாய்மாருள் நூற்றுக்குப் பதினெண்மர் மாண்டனர். சில திங்களில் அத்தொகை நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. கிருமிக் கொள்கை நிலைபெறுமுன்பே கிட்டிய வெற்றி இது.

அடுத்தது ஊசி. ஊசியை மட்டும் மாற்றிவிட்டுச் சிரிஞ்சை மாற்றாமல் விடுவோர் உண்டு. சிறிதளவு குருதி பின்னோக்கிச் சிரிஞ்சுக்குள்ளும் செல்லும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மஞ்சட்காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி வைரஸ், உடலுக்கு வெளியே ஏழு நாளேனும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. குஜராத்தின் மோடாசாப் பகுதியில் 2009-இல் அந்நோய் பரவிப் பலர் மாண்டனர். பயன்படுத்திய சிரிஞ்சுகளையே மீண்டும் பயன்படுத்தியது காரணம் எனத் தெரிய வந்தது. 2000-ஆம் ஆண்டில் மட்டும் தூய்மையற்ற ஊசிகளால் உலகில் 2 கோடியே 10 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

கத்தி, இடுக்கி முதலிய கருவிகளின் நிலை என்ன? 'வெந்நீரில் கொதிக்க வைத்தோம்' என்பர். கொதிநீர் பல கிருமிகளைக் கொல்லும். ஆனால் ஸ்போர் என்னும் உறங்கும் வித்துக்கள் அதற்கு அஞ்சா. அவற்றைக் கொல்ல ஆட்டோகிளேவ் வேண்டும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போன்றதே அது. வளி அழுத்தத்திற்கு மேல் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 பாகை செல்சியசை எட்டும். அந்நிலையில் 15 நிமிடம் வைத்தல் வேண்டும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. உள்ளிருக்கும் காற்றை முதலில் முற்றும் வெளியேற்ற வேண்டும். பாதிக் காற்று தங்கினால், அளவுமுள் 15 பவுண்டையே காட்டினாலும், வெப்பம் 112 பாகையளவே இருக்கும். காற்றே வெளியேறாவிடின் 100 பாகைதான். முள்ளை நம்பினால் ஏமாறுவோம். ஆகவேதான் வெப்பம் தாங்கும் ஸ்போர்களை உள்ளே வைத்து, அவை மடிந்தனவா எனச் சோதித்துப் பார்க்கும் முறை ஏற்பட்டது.

தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகைக்குள் காத்தல் வேண்டும். வெப்பம் மட்டுமன்று, உறைதலும் கேடே. வில்வாத நோய்க்கான டெட்டனஸ் தடுப்பு மருந்து ஒருமுறை உறைந்துவிட்டால் பயன் கெடும். மருந்துப் பெட்டியில் தண்ணீர்ப் புட்டிகளையும் வைத்து அடிக்கடி கதவைத் திறப்பது நன்றன்று.

கழிவுக்கும் முறை உண்டு. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி குருதி தோய்ந்த பஞ்சு மஞ்சட் பையிலும், சிரிஞ்சு முதலிய பிளாஸ்டிக் சிவப்பிலும், ஊசி துளைபடாத வெண்கலத்திலும், கண்ணாடி நீலத்திலும் சேர்தல் வேண்டும். தூய்மை செய்யாத கழிவை 48 மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்ய ஆந்திராவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அரசு மருத்துவ நிலையங்களின் தரத்தை அளக்க 2013-இல் தேசிய அளவுகோல் வகுக்கப்பட்டது. 2015-இல் தூய்மைக்குப் பரிசளிக்கும் காயகல்ப் திட்டமும் வந்தது.

எனினும், எல்லாக் குறையையும் டாக்டர் தலையில் சுமத்துதல் அறமாகாது. ஊசி போடாத டாக்டரை நாமும் மதிப்பதில்லை. மாத்திரையே போதும் என்று அவர் சொன்னால், "என்ன வைத்தியம் இது!" என்று அடுத்த வாசலுக்குச் செல்கிறோம். வேண்டாத ஊசியைக் கேட்டு வாங்குவதும் நாமே.

"கேட்டால் என்ன, அம்மா?" என்றேன் ஒருநாள். "கூலி வராத வாரம் கடனுக்குப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான், பிழைக்க வந்த இடத்தில் அவர் முகம் கோணும்படி பேசலாமா?" என்றார். மறுமொழி எனக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் இல்லாத இடர்ப்பாடு இது. பிறகு, தெலுங்கில் பணிவாகக் கேட்க ஒரே ஒரு சொற்றொடரைக் கற்றுக்கொண்டோம்: "கொத்த சூதேனண்டி?" புதிய ஊசிதானே, ஐயா?

சென்ற தை மாதம் தங்கைக்கு ஊசி போடுகையில் அம்மாவே அதைக் கேட்டார். டாக்டர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். கம்பவுண்டரை அழைத்துப் புதிய உறையொன்றை வருவித்து, எங்கள் கண்ணெதிரே கிழித்தார். மூடியில் ஊசி செருகியிருந்த குப்பி அன்று மேசைமேல் இல்லை. கடனும் நிற்கவில்லை.

நண்பர்களே! நாம் கற்கும் அறிவியல் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாகாது. அடுத்த விடுமுறையில் உங்கள் இல்லத்தார்க்கு இம்மூன்றையேனும் சொல்லுங்கள்: டாக்டர் கைகழுவுவதைப் பாருங்கள், உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், மாத்திரை போதுமென்றால் ஊசியை வற்புறுத்தாதீர்கள். மொழி தெரியாதவர்க்கு அந்த ஒரு தெலுங்குத் தொடரையும் கற்றுக் கொடுங்கள்.