எக்ஸ்ரேயில் கோணல், கை எப்படி இருக்கிறது?



உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு 71 வயது, குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இப்போது எக்ஸ்ரேயில் எலும்பு லேசாகக் கோணியிருக்கிறது என்றதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. மறு ஆபரேஷன் வேண்டுமா என்பதை அம்மாவின் கையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்தக் கோணலுக்கு எவ்வளவு பயப்படலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மணிக்கட்டில் முடியும் ஆரை எலும்பின் முனை இயல்பிலேயே உள்ளங்கைப் பக்கம் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். கையை ஊன்றி விழும்போது அது புறங்கைப் பக்கம் மடங்கி, நீளமும் குறைந்துவிடும். புறங்கைப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் சாய்வு, 3 மி.மீ.க்கு மேல் குறுகல், மூட்டுப் பரப்பில் 2 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் பொதுவாக டாக்டர்கள் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். இளவயதுக்காரர் என்றால் அந்த மூன்றாவதைத்தான் நான் முதலில் கேட்பேன். பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்கு அது வழி வைக்கும்.

அம்மா வயதில் கணக்கே வேறு. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் 65 வயதைத் தாண்டியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிளேட்டும், மற்றவர்களுக்கு மாவுக்கட்டும் போட்டு ஒப்பிட்டார்கள். 2011இல் முடிவு வெளியானது. எக்ஸ்ரேயில் பிளேட்காரர்களின் எலும்புதான் நேராக இருந்தது, பிடிமானமும் அவர்களுக்கே கூடுதல். ஆனால் ஒரு வருடம் கழித்து வலியிலும் அன்றாட வேலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 வருடம் முன்பே, 1814இல், டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவைப் பற்றி எழுதினார். கோணல் அப்படியே இருந்தாலும் வலி போய், அசைவு திரும்பும் என்றார். (எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, அந்த மனிதருக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம்.)

ஆகவே கையைப் பாருங்கள். விரல்களை மடக்கினால் நகம் உள்ளங்கையைத் தொடுகிறதா? முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பிரசாதம் வாங்குவதுபோல் உள்ளங்கையை நிமிர்த்த முடிகிறதா? நிமிர்த்தும்போதோ துணி பிழியும்போதோ சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் வலித்தால், எலும்பு குறுகியது காரணமாக இருக்கலாம். அப்போது அந்த மில்லிமீட்டருக்கு அர்த்தம் உண்டு.

இரண்டு விஷயத்துக்குக் காத்திருக்கக் கூடாது. கட்டைவிரல் நுனி திடீரென மடங்காமல் போனால், பிளேட்டில் உரசித் தசைநாண் அறுந்திருக்கலாம். கை வீங்கி, தோல் பளபளத்து, தொட்டாலே எரிந்தாலும் உடனே காட்டுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் இவை வரலாம்.

அடுத்த முறை போகும்போது ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள். அதற்கும் இப்போதைக்கும் சாய்வு கூடியிருக்கிறதா, ஸ்க்ரூ எதுவும் மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். விரல் பயிற்சியை அதுவரை நிறுத்த வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்; பெரும்பாலும் நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.