முதல் ரீமேப்புக்கு முன்: பன்னிரண்டு அறிவுரைகள்

புது எஸ்யூவி வாங்கிய சூட்டோடு "ரீமேப் பண்ணிடலாமா அண்ணா?" என்று கேட்டு வரும் தம்பிகள் இப்போது அதிகம். டீசல் பம்ப்பில் திருகாணியைத் திருப்பி இழுவையைக் கூட்டிய காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். இன்று அதே வேலை லேப்டாப்பில் நடக்கிறது. நன்றாக எழுதிய ஒரு ஃபைல் வண்டியை எவ்வளவு இனிமையாக்கும் என்பதை அறிவேன். அதனால் அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ரீமேப் இன்ஜினுக்குள் புதிய பலத்தைக் கொண்டுவந்து வைப்பதில்லை. கம்பெனி விட்டுவைத்த இருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. எந்த இருப்பைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் இந்த அறிவுரைகளின் சாரம். உதாரணத்துக்கு பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: 3 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ பெட்ரோல், 360 பிஎஸ், 500 நியூட்டன் மீட்டர், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். மற்ற டர்போ வண்டிகளுக்கும் கணக்கு ஏறத்தாழ இதுதான்.

1. எதை மாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

இன்றைய வண்டியில் ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து இன்ஜினுக்குக் கேபிள் போவதில்லை. நீங்கள் மிதிப்பது கம்ப்யூட்டரிடம் வைக்கும் ஒரு கோரிக்கை. இவ்வளவு டார்க் கேட்கிறார் என்று அது புரிந்துகொண்டு, அதற்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு பெட்ரோல், தீப்பொறி எந்த நொடியில் என்று அட்டவணைகளைப் பார்த்து முடிவெடுக்கிறது. அந்த அட்டவணைகள்தான் மேப். அவற்றைத் திருத்தி எழுதுவது ரீமேப். வண்டியில் வேறு எந்தப் பாகத்தையும் மாற்றாமல் செய்வது ஸ்டேஜ் 1. டவுன்பைப், இன்டர்கூலர் போன்றவற்றை மாற்றிச் செய்வது ஸ்டேஜ் 2. டர்போவையே மாற்றுவது ஸ்டேஜ் 3. முதல்முறை செய்பவர் ஸ்டேஜ் 1ஐத் தாண்ட வேண்டாம். டர்போ பெட்ரோலில் அதிலேயே 15 முதல் 25 சதவீதம் வரை பலன் கிடைக்கும். டர்போ இல்லாத இன்ஜினில் பலன் மிகக் குறைவு. அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்குங்கள்.

2. கம்பெனி ஏன் மிச்சம் வைத்தது என்று கேளுங்கள்.

"கம்பெனிக்காரன் பவரை ஒளித்து வைத்திருக்கிறான்" என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். ஒரே இன்ஜின் குளிர் நாட்டிலும் ஓடும், பாலைவனத்திலும் ஓடும். மட்டமான பெட்ரோல் கிடைக்கும் ஊரில் ஓடும். மலை ஏறும். ஆயில் மாற்ற மறந்தவர் கையிலும் பத்து ஆண்டுகள் தாங்க வேண்டும். புகை விதி, கியர்பாக்ஸின் தாங்குதிறன், வாரண்டிச் செலவு எல்லாம் சேர்ந்துதான் 360 என்ற எண் முடிவாகிறது. ஒரே இன்ஜினை விலைக்கு ஏற்ற பல எண்களில் விற்கும் வியாபாரக் கணக்கும் அதில் உண்டு. குதிரில் இருக்கும் நெல்லில் சாப்பாட்டுக்கு எடுக்கலாம், விதைநெல்லில் கை வைக்கக் கூடாது. வியாபாரத்துக்காக விட்ட மிச்சம் சாப்பாட்டு நெல். நாக்கிங் சென்சார் கட்டுப்பாடு, புகைச்சூட்டுக் காப்பு, கூலன்ட் சூடானால் பவரைக் குறைக்கும் ஏற்பாடு, கியர்பாக்ஸ் சூட்டுக் காப்பு ஆகியவை விதைநெல். இவற்றில் ஒன்றை அணைத்தால்தான் பவர் வரும் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

3. முதலில் வண்டிக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நோயுள்ள இன்ஜினுக்கு டியூன் கிடையாது. ஸ்கேனரில் ஃபால்ட் கோடு ஒன்றும் இருக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பூஸ்ட் கூடும்போது தேய்ந்த பிளக்கில் தீப்பொறி அணைந்து மிஸ்ஃபயர் வரும். பூஸ்ட் ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று புகை விட்டுச் சோதியுங்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வை பெட்ரோல் கழுவுவதில்லை. கரி படியும், அதைச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் தானாகத் திருத்திக்கொள்ளும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10ஐ நெருங்கினால் காற்றோ பெட்ரோலோ எங்கோ கணக்குத் தப்புகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

4. உங்கள் ஊர் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கு டியூன் செய்யுங்கள்.

தீப்பொறி மூட்டிய நெருப்பு சிலிண்டர் முழுக்கப் பரவுவதற்குள், ஓரத்தில் நெரிபட்டுக் கிடக்கும் கலவை தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். பிஸ்டனைத் தின்பது அதுதான். ஆக்டேன் உயர உயர இந்த ஆபத்து தள்ளிப்போகும். நம் நாட்டில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் முன்பு 91ஆக இருந்தது, பிரீமியம் 95, சில நகரங்களில் 100 ஆக்டேனும் கிடைக்கிறது. 100க்கு எழுதிய ஃபைலை ஏற்றிக்கொண்டு இராமநாதபுரம் பக்கம் போய் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால், நாக்கிங் சென்சார் ஒவ்வொரு நொடியும் போராடிக்கொண்டிருக்கும். அந்த சென்சார் விபத்தைத் தடுக்க வைத்த காவல். அதை நம்பி அன்றாடம் வண்டி ஓட்டக் கூடாது. உங்கள் பயணங்கள் எங்கெங்கே என்று டியூனரிடம் சொல்லி, 95க்கு எழுதச் சொல்லுங்கள்.

எத்தனால் கணக்கையும் மறக்காதீர்கள். கலப்பில்லாத பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை, அதே காற்றுக்கு ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகப் பீச்ச வேண்டும். எத்தனால் ஆக்டேனை உயர்த்தும். ஆனால் ஃப்யூயல் பம்ப்புக்கு வேலையைக் கூட்டும். பூஸ்ட்டையும் கூட்டியபின், மேல் ஆர்பிஎம்மில் பம்ப் மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வெளிநாட்டில் வேறு பெட்ரோலுக்கு எழுதிய ஃபைல் இங்கே அப்படியே பொருந்தாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. கீழ் ஆர்பிஎம்மில் பேராசைப்படாதீர்கள்.

1,500 ஆர்பிஎம்மிலேயே முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது முழு பூஸ்ட்டை ஊட்டினால், தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஒரே அடியில் பிஸ்டன் விளிம்பு உடையலாம். கனெக்டிங் ராடு வளையலாம். நல்ல டியூனர் டார்க்கை மெல்ல ஏற்றி, நடு ஆர்பிஎம்மில் நிறைவாகத் தருவார். ஓட்டுகிறவரும் பெரிய கியரில் திணறவைத்து மிதிக்காமல், ஒரு கியர் இறக்கி ஓட்டப் பழக வேண்டும். இந்த அபாயத்தைக் குறைக்கவே 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயிலில் தனிச் சோதனை வைத்தார்கள். கம்பெனி சொல்லும் தரக்குறியீட்டை மீறாமல் ஆயில் வாங்கி, சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றுங்கள்.

6. கியர்பாக்ஸுக்குப் பொய் சொல்லாதீர்கள்.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உள்ளே கிளட்ச் தட்டுகளை ஆயிலின் அழுத்தம் பிடித்து வைத்திருக்கிறது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை, இன்ஜின் கம்ப்யூட்டர் அனுப்பும் டார்க் கணக்கைப் பார்த்து கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இன்ஜின் 600 நியூட்டன் மீட்டர் தந்துகொண்டே 500 என்று சொன்னால், 500க்கு உரிய பிடிதான் கிடைக்கும். தட்டுகள் வழுக்கும், ஆயில் கருகும், லட்சங்களில் செலவு வரும். டார்க் கணக்கை உள்ளபடி தெரிவிக்கும் ஃபைல்தான் வேண்டும். தேவையானால் கியர்பாக்ஸ் மென்பொருளையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

7. டியூனிங் பாக்ஸைப் புரிந்துகொண்டு வாங்குங்கள்.

சென்சார் வயரின் நடுவே மாட்டும் சின்னப் பெட்டி, பூஸ்ட்டைக் குறைத்துக் காட்டி இன்ஜினை ஏமாற்றுகிறது. கழற்றுவது சுலபம் என்பது அதன் வசதி. ஆனால் ஆறாவதாகச் சொன்ன பொய்யை அது பிறப்பிலேயே சுமக்கிறது. எக்ஸ்3 எம்40ஐ போன்ற கனமான ஆட்டோமேட்டிக் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

8. ஃபைல் ஏற்றும்போது பக்கத்தில் இருங்கள்.

பேட்டரியில் நிலையான சப்ளை மாட்டாமல் ஏற்ற விடாதீர்கள். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் கம்ப்யூட்டர் செத்துப்போகும். உங்கள் வண்டியின் அசல் ஃபைலைப் பிரதி எடுத்து உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். 2020 நடுப்பகுதிக்குப் பின் தயாரான பல பிஎம்டபிள்யூ வண்டிகளில் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டிருக்கும். ஓபிடி சாக்கெட் வழியாக மட்டும் வேலை முடியாது. கம்ப்யூட்டரை வெளியே எடுக்க வேண்டும் என்றால், யார் எடுப்பார், எங்கே அனுப்புவார் என்று கேட்டபின் சம்மதியுங்கள்.

9. அளக்காததை நம்பாதீர்கள்.

ரீமேப்புக்கு முன்பும் பின்பும், அதே நாளில், பவரை அளக்கும் அதே டைனோவில், அதே கியரில் ஓட்டி அளந்து பாருங்கள். வெவ்வேறு டைனோக்களின் எண்களை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. காகிதத்தில் தெரியும் பெரிய எண்ணைவிட, ஓடும்போது சென்சார்கள் காட்டியதைப் பதிவு செய்யும் லாக் முக்கியம். கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் ஒத்துப்போகின்றனவா? ஃப்யூயல் ரெயில் அழுத்தம் மேல் ஆர்பிஎம்மில் சரிகிறதா? ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்குக்காக டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது? உள்ளே போகும் காற்றின் சூடு என்ன? இந்த நான்கையும் காட்டி விளக்கத் தெரிந்தவரே டியூனர். முழு வேகச் சோதனையை அவிநாசி ரோட்டில் செய்யாதீர்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. டிராக் நாள் பார்த்துப் போங்கள்.

10. வெயிலுக்கும் மலைக்கும் இடம் விடுங்கள்.

டிசம்பர் காலையில் எடுத்த லாக், மே மாத மதியத்துக்குச் சாட்சி ஆகாது. காற்று சூடானால் நாக்கிங் நெருங்கி வரும். உயரமும் அப்படித்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கை ஒட்டிக் குறைவு. அதே பூஸ்ட்டைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். உயரத்துக்கு ஏற்பப் பவரைக் குறைக்கும் அட்டவணை அசல் ஃபைலில் உண்டு. உங்கள் டியூனர் அதைக் கெடுக்காமல் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வண்டிக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல.

11. பிரேக்குக்கும் சட்டத்துக்கும் கணக்குத் தீர்த்துவிட்டுப் பவரைத் தொடுங்கள்.

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியைவிட 120இல் போகும் வண்டியை நிறுத்த 44 சதவீதம் கூடுதல் ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். எடையோ இரண்டு டன்னை ஒட்டியது. பழைய பிரேக் ஆயில் ஈரம் குடித்திருக்கும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் பெடல் பஞ்சாகப் போவது இதனால்தான். புதிய ஆயில், நல்ல பேட், நல்ல டயர் மூன்றும் ரீமேப்புக்கு முன் வர வேண்டும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர், டீசலில் டிபிஎஃப், இஜிஆர் ஆகியவற்றைக் கழற்றவோ மென்பொருளில் அணைக்கவோ ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. அதை மீறும் உரிமையாளருக்கு, 2019 திருத்தத்தின்படி, 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். மறைத்தால் விபத்து நாளில் பேச உங்களுக்கு வாய் இருக்காது. வாரண்டி போகலாம் என்று தெரிந்தே இறங்குங்கள். அசல் ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும், எழுதப்பட்ட தடத்தைச் சர்வீஸ் சென்டர் கண்டுபிடிக்க வழி உண்டு. இவற்றில் ஒன்றுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் 360 பிஎஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது சின்ன எண் அல்ல.

12. அடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள்.

எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த ஃபைல் ஏற்றினீர்கள், எந்த பெட்ரோல் ஊற்றினீர்கள், ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்த நோட்டையும், டைனோ தாள்களையும், அசல் ஃபைலையும் வாங்குபவரிடம் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம், குறையட்டும். இருப்பிலிருந்து எடுத்து அனுபவித்தவர் நீங்கள். எவ்வளவு எடுத்தாயிற்று, எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொண்டு ஓட்டும் உரிமை அடுத்து ஓட்டுபவருக்கு உண்டு.